சட்டைப் பையில் ஒரு முட்டைக்கோஸ் இலை

தேனிக்குப் போகிறேன் என்றதும் என் மகன் கேட்ட முதல் கேள்வி, "அங்க என்னப்பா இருக்கு பார்க்க?" என்பதுதான். "பாக்டீரியா" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே என் மாத்திரை டப்பாவைப் பெட்டிக்குள் வைத்தான். மலேசியாவில் எங்கள் ஈப்போவிலிருந்து இந்தியாவுக்குப் போகிறவர்கள் பழனி, திருப்பதி, பட்டுப்புடவை என்று கிளம்புவார்கள். நான் ஓர் இரும்புத் தொட்டியைப் பார்க்கக் கிளம்பினேன்.

என் வேலைக்காலம் முழுவதும் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு பிசின் தொழிற்சாலையில் கழிந்தது. மரத்திலிருந்து வடியும் பிசின் அல்ல. சாந்தோமோனாஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. சர்க்கரையைத் தின்றுவிட்டுத் தன்னைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு போர்வையைக் கட்டிக்கொள்ளும். அந்தப் போர்வையைப் பிரித்து உலர்த்தினால் வருகிற மாவுதான் சாந்தன் பிசின். சாஸ் பாட்டிலைக் கவிழ்த்தால் உடனே கொட்டாமல் கொஞ்சம் யோசித்துவிட்டு விழுகிறதே, அந்த யோசனை இந்தப் பிசினால் வருவது. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் இருப்பதும் இதுதான்.

பொன்மணி என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். பினாங்கில் சில வருடம் ஆராய்ச்சி செய்தபோது என் பேச்சு ஒன்றைக் கேட்டிருக்கிறாளாம். இப்போது சொந்த ஊருக்குத் திரும்பி, சின்னமனூர் பக்கம் ஒரு சிறிய பிசின் ஆலை வைத்திருக்கிறாள். மரபணுவை மாற்றிய பாக்டீரியா. அதற்கு வாங்க வேண்டிய அனுமதியெல்லாம் வாங்கியாகிவிட்டது. "பிளாஸ்க்ல நல்லா வருது சார். பெரிய தொட்டியில ஏத்துனதில்ல. நீங்க வந்து பக்கத்துல நின்னாப் போதும்" என்றாள்.

பக்கத்தில் நின்றால் மட்டும் போதும் என்று நானும் நினைத்திருக்கலாம். இது சந்தோஷமான பயணம்தான். நடுவில் நான் ஒரு கேவலமான காரியம் செய்தேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மதுரையில் இறங்கியதும் ஜிகர்தண்டா குடித்தேன். பாலுக்கு அடியில் பாதாம் பிசின் கண்ணாடித் துண்டுபோல நடுங்கிக்கொண்டிருந்தது. பிசின் வேலை பார்த்தவனுக்கு அது வரவேற்புப் பலகை மாதிரி. இரண்டாவது கிளாஸ் கேட்டபோது கடைக்காரர், "ஐயாவுக்குச் சளி பிடிச்சா என்னையச் சொல்லாதீக" என்றார்.

தேனி பஸ்ஸில் உட்கார்ந்தவுடன் ஒரு பெண் துளை போட்ட அட்டைப்பெட்டியை என் மடியில் வைத்தாள். "சித்த வச்சிருங்க, எறங்குறப்ப வாங்கிக்கிறேன்." உள்ளே கோழிக்குஞ்சுகள். எங்கள் ஊர்ப் பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் மணி கேட்கவே தயங்குவோம். இங்கே உசிலம்பட்டி வரைக்கும் நான் குஞ்சுகளுக்குக் காவல்.

ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது எஞ்சின் புகைந்தது. டிரைவர் ஓரமாக நிறுத்தினார். கண்டக்டர் வரிசையாக வந்து எல்லாருடைய தண்ணீர் பாட்டிலையும் வாங்கினார். என்னுடையது விமான நிலையத்தில் வாங்கிய விலை உயர்ந்த பாட்டில்.

"இது மினரல் வாட்டர் தம்பி" என்றேன்.

"வண்டிக்கும் ஒடம்பு நல்லாருக்கட்டுமே" என்று சொல்லிவிட்டு ரேடியேட்டரில் ஊற்றினார். பின்சீட்டில் ஒரே சிரிப்பு. கணவாய் தாண்டியதும் காற்று மாறியது. மூன்று பக்கமும் மலை எழுந்து நின்றது. ஈப்போவைச் சுற்றியும் மலைதான். ஆனால் எங்களுடையவை தனித்தனியாக நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள். இவை கைகோத்து நின்றன.

தேனியில் பொன்மணி தன் பெரியப்பா வீரணனோடு ஜீப்பில் காத்திருந்தாள். அவளுக்கு நாற்பது வயதிருக்கும்; வேகமாகப் பேசுகிறவள். அவர் என் வயதுக்காரர், வாழை விவசாயி. ஆலை நடக்கும் கொட்டகை அவருடையது. ஏற்றுமதிக்கு ஆகாமல் கழிக்கப்படும் வாழைப்பழத்தை ஊர் விவசாயிகள் பலர் கொடுக்கிறார்கள். அதன் சர்க்கரைதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு.

"வாங்க வாங்க. கொழகொழ கம்பெனிக்குப் பெரிய டாக்டர் வந்திருக்காகன்னு ஊரெல்லாம் பேச்சு" என்றார் வீரணன்.

"டாக்டர் இல்லிங்க" என்றேன்.

"அதை நாங்க வெளியில சொல்லிக்கிறதில்ல."

பரோட்டாக் கடைக்குப் போனோம். எங்கள் ரொட்டி சானாய்க்கு இது கோபக்கார அண்ணன். பிய்த்துப் போட்டுச் சால்னாவில் மூழ்கடித்த பிறகுதான் சமாதானத்துக்கு வரும். சாப்பிட்டுக்கொண்டே பொன்மணி தன் பாக்டீரியாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். எனக்குக் கை நின்றுவிட்டது.

இந்தத் தொழிலின் பெரிய தலைவலி இதுதான்: பாக்டீரியா பிசின் செய்யச் செய்யத் தொட்டி கெட்டியாகும். கெட்டியானால் காற்று உள்ளே பரவாது. "அதுக கட்டுன சேத்துக்குள்ளயே அதுக மூச்சு முட்டிச் சாகுதுக" என்றாள். அதற்காக நாங்கள் வருடக்கணக்கில் பெரிய மோட்டார், அதைவிடப் பெரிய மோட்டார் என்று மாற்றிக்கொண்டே இருந்தோம். அவள் மோட்டாரைத் தொடவில்லை. குட்டைத் தண்ணீரில் வாழும் இன்னொரு பாக்டீரியாவுக்கு நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஒரு ஹீமோகுளோபின் உண்டு. இருக்கிற கொஞ்சக் காற்றையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதன் மரபணுவை எடுத்துத் தன் சாந்தோமோனாஸுக்குள் வைத்திருந்தாள். கூடவே, மஞ்சள் சாயம் செய்யும் மரபணுவை வெட்டி எறிந்திருந்தாள். அந்த மஞ்சளைப் போக்கத்தான் ஆலைகள் பீப்பாய் பீப்பாயாக ஆல்கஹால் ஊற்றிக் கழுவுகின்றன. இவளுடைய பிசின் பிறக்கும்போதே வெள்ளை.

"நான் இத்தனை வருஷம் வீட்டைப் பெருசாக்கிக்கிட்டே இருந்தேன். நீ ஆளையே மாத்திட்ட" என்றேன்.

"தொட்டியில நின்னாத்தான சார்" என்றாள். "இது நிக்கலைன்னா பழம் தர்றவுக எல்லாம் மாட்டுத் தீவனத்துக்கே போயிருவாக. ஒரு தடவைதான் பொறுப்போம்னு சொல்லிட்டாக."

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளைப் பிராயத்துப் பரபரப்பு.

மறுநாள் காலை சின்னமனூர்ப் பக்கம் போனோம். மார்க்கையன்கோட்டை வயல்களில் நாற்று நடவு. வாய்க்கால் முழுக்க முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். அதைத் தாண்டினால் வாழை, வாழை, வாழை. குலைகளுக்கு நீலப் பை மாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது போல நிறுத்தியிருந்தார்கள். எதிரே ஏலத்தோட்ட வேலை ஆட்களை ஏற்றிய ஜீப்புகள் மலை நோக்கிப் பறந்தன. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் உட்கார முடியும் என்பதற்கு இங்கே யாரும் விடை கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

வழியில் ஒரு முட்டைக்கோஸ் தோட்டம் வந்தது. நான் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன்.

காரணம் சொல்கிறேன். சாந்தோமோனாஸ் பிறந்த வீடு முட்டைக்கோஸ் இலை. அங்கே அது தொழிலாளி இல்லை, நோய். இலை ஓரத்தில் நுழைந்து நரம்பைக் கறுப்பாக்கி அழுக வைக்கும். அதன் பரம்பரையோடு எஃகுத் தொட்டியில் என் ஆயுள் கழிந்திருக்கிறது. அதை அதன் சொந்த வயலில் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. முட்டைக்கோஸ் விளையும் எங்கள் கேமரன் மலைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஸ்ட்ராபெர்ரி பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

தோட்டக்காரர் தலையில் துண்டோடு வந்தார். "நல்ல காயாப் பாத்து எடுத்துக்கங்க" என்றார்.

"நல்லது வேண்டாம். நோய் வந்தது இருக்குதா?"

அவர் வீரணனைப் பார்த்தார். "அண்ணே, இவுக யாரு? ஆபீசா?"

"ஆபீஸ் இல்லடா. வெளிநாடு. காட்டு, காட்டு."

வேலியோரம் இரண்டு வரிசை அடிபட்டிருந்தது. இலையின் விளிம்பிலிருந்து நடுநரம்பை நோக்கி ஆப்பு இறக்கியது போல மஞ்சள். நடுவே கறுத்த நரம்புகள். படத்தில் மட்டும் பார்த்த முகம். ஓர் இலையைக் கிள்ளி, கைக்குட்டையில்கூடச் சுற்றாமல், சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பொன்மணி அப்போது ஜீப்பில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் என் தொழிலின் அரிச்சுவடியைச் சொல்ல வேண்டும். பாக்டீரியா இருக்கிற இடத்தில் அதைத் தின்னும் வைரஸும் இருக்கும். நோய் பிடித்த இலையில் நிச்சயம் இருக்கும். அது ஒரு துளி தொட்டிக்குள் விழுந்தால் பாக்டீரியாவையும் அது கட்டிய பிசினையும் கரைத்து, மொத்தத்தையும் முடித்துவிடும். இதை நான் பல வருடம் புதிய ஆட்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்.

ஆலையில் வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, விவசாயிகள் கூடியிருந்தார்கள். தொட்டி பளபளவென்று நின்றது. தேங்காய் உடைத்தார்கள். நான் உற்சாகத்தில் இலையை வெளியே எடுத்து எல்லாருக்கும் காட்டினேன். "உங்க தொட்டிக்குள்ள போகப்போற ஆளோட முப்பாட்டன் இதுதான்!" விவசாயிகள் அந்த இலையைக் கைமாற்றிப் பார்த்தார்கள். "இந்தச் சனியனுக்கா நாங்க பழம் போடுறோம்?" என்று ஒருவர் கேட்டார். சிரிப்பு. இலை என் பைக்குத் திரும்பியது.

இந்தப் பகுதியில் விதை போடுவதோ கடை திறப்பதோ, கைராசிக்காரர் ஒருவர் தொடங்கி வைக்க வேண்டும். வீரணன் என்னைக் கை காட்டினார். "அவுக கையால ஊத்தட்டும். கடல் தாண்டி வந்திருக்காக."

பாக்டீரியா வளர்த்த குடுவையைத் தொட்டியில் ஊற்றுவது சாதாரண வேலை இல்லை. வேறு கிருமி புகாமலிருக்கத் திறப்பைச் சுற்றி ஆல்கஹாலில் நெருப்பு எரியும்; அந்த வளையத்துக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்ற வேண்டும். பொன்மணி தயங்கினாள். உறையை நீட்டி, "சார், கிளவுஸ் போட்டுக்கங்க. மேல கோட்டும்" என்றாள்.

"அவுகளுக்குத் தெரியாததா ஆத்தா?" என்றார் வீரணன்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வெளியே போய்க் குளித்து, உடை மாற்றியிருக்க வேண்டும். அதற்கும் முன்னால், வேண்டாம் என்று மறுத்திருக்க வேண்டும். அத்தனை கண்கள் என்மேல் இருந்தன. கோட்டு சிறியது, பட்டன் எட்டவில்லை. "உறை இல்லாமத்தாம்மா எங்க காலத்துல பழக்கம்" என்று ஒரு பொய்யும் சொன்னேன். வெறும் கையால் குடுவையைப் பிடித்து, குனிந்து, ஊற்றினேன். கை தட்டினார்கள்.

அடுத்த நாள் ஆனந்தமாக இருந்தது. தொட்டியின் கண்ணாடிச் சன்னல் வழியே திரவம் கஞ்சியாகி, கஞ்சி களியாகத் தொடங்கியது. தொட்டியைக் கலக்கும் சுழலியின் சத்தம் கனத்து முனகலாக மாறியது. காற்று அளவு விழ வேண்டிய இடத்தில் விழாமல் தாக்குப்பிடித்தது. ஹீமோகுளோபின் வேலை செய்கிறது! பொன்மணி மாதிரி எடுத்து ஆல்கஹாலில் விட்டாள். வெள்ளை நூலாகத் திரண்டது. நான் சத்தமாகச் சிரித்தேன். அந்தக் குஷியில் வீரணன் என்னைச் சுருளி அருவிக்குக் கூட்டிப்போய்க் குளிக்க வைத்தார். திரும்பும் வழியில் பன்னீர் திராட்சை வாங்கினோம். பந்தல் திராட்சையை இப்படிக் கொத்தாக மடியில் வைத்துக்கொண்டு தோலைத் துப்பித் துப்பித் தின்பது ஈப்போவில் நடக்காத காரியம். அங்கே அது பிளாஸ்டிக் டப்பாவில் தூங்கும்.

ஆலைக்குள் நுழைந்ததும் அங்கே வேலை பார்க்கும் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். "சார், ஆக்சிஜன் ஏறுது! சரசரன்னு ஏறுது!" அவளுக்கு அது நல்ல செய்தி.

எனக்கு அது கெட்ட செய்தி. ஊட்டும் காற்றைச் செலவழிக்க ஆளில்லாதபோதுதான் ஆக்சிஜன் மானியின் முள் அப்படி ஏறும். சுழலி லேசாகச் சுற்றியது. சன்னல் வழியே பார்த்தேன். காலையில் களியாக இருந்தது, இப்போது ரசம்.

 பொன்மணி முள்ளையே பார்த்தாள். பிறகு சுவரோரம் கிடந்த கோணிமேல் உட்கார்ந்தாள்.

நான் கழிப்பறைக்குள் போய்ச் சட்டைப் பையில் கை விட்டேன். அன்று போட்ட அதே சட்டைதான். இலை காய்ந்திருந்தது. ஒரு மூலை இல்லை. நொறுங்கிப் போயிருந்தது.

அப்போதே வெளியே வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மறுநாள் காலை வீரணன் வீட்டில் இட்லி வைத்தார்கள், யாரும் தொடவில்லை. பேச்செல்லாம் பாக்டீரியாவைப் பற்றித்தான். "வெட்டி ஒட்டுனா இப்பிடித்தான் ஆகும் ஆத்தா. ஊர்க்கிருமியவே விட்டிருக்கலாம்ல" என்றார் வீரணன்.

"அதான் பெரியப்பா நானும் நெனைக்கிறேன்" என்றாள் பொன்மணி. "வச்ச மரபணு அதுக்குப் பாரமாப் போச்சோ என்னவோ. சின்னக் குடுவையில தாங்குச்சு, பெருசுல தாங்கல. பழைய கிருமிக்கே போயிருவோம். மஞ்சளா வந்தா வரட்டும். இதைக் கொன்னுட்டு முடிச்சுக்கிறேன்."

வருடக்கணக்கில் அவள் செய்த வேலை. அதன்மேல் அவளே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். "தேக்கடி பாத்துட்டு வந்துடறேன்" என்றேன். அது ஓடிப்போவதற்கு நாகரிகமான பெயர்.

குமுளி பஸ் மலை ஏறியது. பாதி வளைவில் டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கி நின்றோம். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் பச்சையாக விரிந்து கிடந்தது; ஆலையின் கூரை எங்கே என்று என் கண் தேடியது. பக்கத்தில் நின்ற ஏலக்காய் வியாபாரி ஒருவர் மலையாளத்தில் பேச்சுக் கொடுத்தார். ஈப்போவில் என் பக்கத்து வீட்டுக்காரர் மலையாளி, பாதி புரியும். எங்கிருந்து வருகிறேன், என்ன வேலை என்று கேட்டார். எனக்கு என்ன ஆனதோ, அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இலை, கைராசி, உறை, பொய். மறுபடி பார்க்கப்போகாத ஆளிடம் சொல்வது எத்தனை சுலபம்!

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் மொழியில் இப்படிச் சொன்னார்: "எங்கள் தோட்டத்தில் அழுகல் வந்தால், வேறு தோட்டத்திலிருந்து யார் வந்துவிட்டுப் போனார்கள் என்றுதான் முதலில் கேட்போம். வந்தவன் சொல்லாவிட்டால் நல்ல செடியையெல்லாம் பிடுங்கி எறிவோம். அந்தப் பெண் இப்போது பிடுங்கிக்கொண்டிருப்பாள். நீங்கள் யானை பார்க்கப் போகிறீர்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. டயர் மாற்றுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டே சொன்னார். எதிரே கீழிறங்கும் பஸ் வந்தது. கை காட்டி ஏறினேன். உட்கார இடமில்லை. கம்பம் வரை நின்றுகொண்டே வந்தேன், அங்கிருந்து ஆட்டோ. டிரைவர், "ஐயா எதையும் மறந்துட்டு வந்துட்டீகளா?" என்றார். ஆமாம் என்றேன்.

பொன்மணி குளிர்ப்பெட்டியைத் திறந்து, மாற்றிய பாக்டீரியா இருந்த சின்னக் குப்பிகளை மேசையில் வரிசையாக வைத்திருந்தாள். கொல்வதற்குக் கொதிகலன் சூடாகிக்கொண்டிருந்தது. வீரணன் பக்கத்தில் நின்றார்.

"நிறுத்தும்மா" என்றேன். "உன் பாக்டீரியா மேல தப்பில்ல. நான்தான் கொன்னேன்."

இலையை மேசையில் வைத்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். உறை போடாத பழக்கம் எங்களுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பதையும் சொன்னேன்.

அவள் இலையைத் திருப்பிப் பார்த்தாள். "எப்பத் தெரியும் சார் ஒங்களுக்கு?"

"முள் ஏறுனப்பவே."

"அப்ப நேத்துல இருந்து தெரியும்." குரல் உயரவில்லை. "நேத்துல இருந்து நான் ஒவ்வொரு மரபணுவா எடுத்துச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன். பெத்த புள்ளையத் திருடின்னு நெனைச்ச மாதிரி. நீங்க எதுத்தாப்புல உக்காந்து காபி குடிச்சீக."

 

வீரணன்தான் முதலில் அசைந்தார். கொதிகலனை அணைத்தார். "கையி சரியில்ல. வாயாவது கடைசியில சரியா இருந்துச்சே. ஆத்தா, மொதல்ல இது நெசந்தானான்னு பாரு."

பார்த்தாள். தொட்டித் திரவத்தையும் இலையை ஊறவைத்த தண்ணீரையும், பாக்டீரியாவே புக முடியாத, வைரஸ் மட்டும் கடக்கும் வடிகட்டியில் வடித்தாள். பழைய பாக்டீரியா, மாற்றிய பாக்டீரியா இரண்டையும் தட்டுகளில் பரப்பி, மேலே சொட்டு விட்டாள். மறுநாள் எடுத்துப் பார்த்தோம். இரண்டு வகைத் தட்டிலும், சொட்டு விழுந்த இடமெல்லாம் வட்ட வட்டமாக ஓட்டை. துடைத்தெடுத்த மாதிரி சுத்தம். வைரஸ்தான். பழைய பாக்டீரியாவை விட்டிருந்தாலும் அதுவும் செத்திருக்கும். பொன்மணி தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அவள் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

"அப்ப நம்ம புள்ள மேல குத்தமில்ல" என்றார் வீரணன், தட்டைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டு.

பிறகு நடந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. நான் மட்டும் அதில் இல்லை. கொதிக்கும் காரத்தண்ணீரால் தொட்டியைக் கழுவினார்கள். குழாய் குழாயாக நீராவி விட்டார்கள். தரை, சுவர், கதவுப்பிடி எல்லாம் துடைத்தார்கள். முட்டைக்கோஸ் தோட்டத்துக்குள் கால் வைத்தவர் யாரும் கொட்டகைக்குள் வரக்கூடாது என்று பொன்மணி சொல்லிவிட்டாள். வீரணனுக்கும் தடை. நாங்கள் இருவரும் வெளியே பழம் இறக்கும் மேடையில் உட்கார்ந்தோம்.

"எங்கொட்டகை. என்னையவே வெளிய ஒக்கார வச்சுட்டா" என்றார்.

"என்னால உங்களுக்கும் சிரமம்."

"சிரமம் என்ன. ஒத்தையில ஒக்காந்திருந்தாத்தான் சிரமம்." பனியனுக்குள்ளிருந்து வறுகடலைப் பொட்டலம் எடுத்தார். நாள் முழுக்க மலையையும் ஜீப்புகளையும் பார்த்துக்கொண்டு தின்றோம். அவர் மலேசியாவில் வாழைக்கு என்ன விலை என்று கேட்டார். நான் பிசாங் கோரேங் பற்றிச் சொன்னேன். மாவில் முக்கிப் பொரித்த பழம் என்றதும், "பழத்துல பஜ்ஜியா? கெட்டுப்போன ஊரா இருக்கும் போல" என்றார்.

இந்தத் தடவை பூஜை இல்லை, கைதட்டல் இல்லை. பொன்மணி உறை போட்ட கையால் தானே ஊற்றினாள். முதல் நாள் கஞ்சி. அடுத்த நாள் களி. அதற்கும் அடுத்த நாள் சுழலியின் முனகல் மேடை வரைக்கும் கேட்டது. நான் வீரணனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "விடுங்க, வலிக்குது" என்றார், கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பொன்மணி ஒரு கண்ணாடிக் குவளையோடு வெளியே வந்தாள். "வேகவச்சுக் கொன்னுட்டுத்தான் கொண்டாந்தேன். உசுரோட வெளிய விடக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் குவளையைக் கவிழ்த்தாள். உள்ளே இருந்தது விழவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பு வரை வந்து, நீண்டு, தொங்கியது. பால் வெள்ளை. மஞ்சளின் நிழல்கூட இல்லை. என் ஆயுளில் செய்த டன் கணக்கான பிசினில் இப்படி ஒரு வெள்ளையை நான் கண்டதில்லை. விரலை விட்டேன். குளிர்ச்சியாக, வழுக்கிக்கொண்டு, விடாமல் ஒட்டியது. கண்ணில் நீர் வந்ததை மறைக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் விவசாயிகள் மேடையில் கூடினார்கள். உலர்த்திய மாவைப் பொன்மணி தாம்பாளத்தில் வைத்தாள். ஒவ்வொருவரும் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டுக் கலக்கி, கெட்டியாவதைப் பார்த்து வாய் பிளந்தார்கள். ஒருவர் மட்டும் கை கட்டி நின்றார்.

"எல்லாம் சரி தாயி. மொதத் தடவ ஏன் கெட்டுச்சு? அதைச் சொல்லு. அது ஒன்னோட கிருமி கோளாறுன்னா மறுபடி கெடும். எம்பழத்தை நான் தீவனத்துக்கே குடுத்துக்கிறேன்."

எல்லாரும் பொன்மணியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. "வெளிய இருந்து ஒரு தொத்து வந்துருச்சு மாமா. எப்பிடி வந்துச்சுன்னு..." என்று இழுத்தாள். வீரணன் தரையைப் பார்த்தார். விருந்தாளியை ஊர் முன்னால் நிறுத்தக் கூடாது என்று இருவரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. எப்படி வந்தது என்று தெரியாவிட்டால் அந்தக் கேள்வி அவளுடைய பாக்டீரியாவின் மேலேயே நிற்கும். கேட்டவருக்கும் அது புரிந்திருந்தது.

எழுந்து நின்றேன். "நான்தான் கொண்டுவந்தேன்" என்றேன். "அன்னைக்கு உங்க எல்லாருக்கும் காட்டுன அந்த இலையில இருந்த வைரஸ் அது. கை கழுவாம, உறை போடாம ஊத்துனேன். அந்தப் பொண்ணு போடச் சொல்லுச்சு; நான் கேக்கல. கெட்டதும் எனக்குத் தெரியும். ஒரு நாள் சொல்லாம இருந்தேன். அந்தப் பொண்ணு கிருமி மேல ஒரு குத்தமும் இல்ல."

 தாம்பாளத்து மாவு காற்றில் லேசாகப் பறந்தது. கை கட்டி நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப ஆளு கோளாறுதான. கிருமி கோளாறு இல்லியே?"

"இல்ல."

"அப்பச் சரி." அவர் பொன்மணி பக்கம் திரும்பினார். "நாளைக்கு எங்க தோப்புல வெட்டு. கழிவுப் பழத்தை இங்கன எறக்கச் சொல்றேன். ஆனா இவுகளை மட்டும் உள்ள விட்றாத."

சிரிப்பு வெடித்தது. வீரணன் சத்தமாகச் சிரித்தார். பொன்மணியும் சிரித்தாள்; அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

மறுநாள் நான் பெட்டியோடு வந்தபோது பழ வண்டி வந்து நின்றிருந்தது. தார் தாராக இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள். பொன்மணி கதவருகே நின்று எல்லாரையும் கால் கழுவ வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கிருந்தே கையசைத்தாள். நான் வாசலுக்கு வெளியே நின்று, கடைசித் தார் உள்ளே போகும் வரைக்கும் பார்த்தேன்.